தங்கச்சியின் கணக்குக் கொப்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பிப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சியை வருகிற ஜனவரியில் கொழும்புப் பாடசாலைக்கு மாற்ற வேண்டாம். உன் கடை முதலாளி யாரிடமோ பேசி இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், நன்றி சொல். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைத் தெரிந்தவர் வீட்டில் ஒண்ட வைத்து, விடியற்காலையில் பஸ் ஏற்றி, பெரிய பெயருள்ள பாடசாலையில் நாற்பது பேரில் ஒருத்தியாக உட்கார வைத்தால் அவளுடைய கணக்கு வளர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இடம் மாற வேண்டிய காலம் ஒன்று வரும், அது உயர்தரத்துக்கு. அதுவரை அவளுக்குத் தேவை இன்னும் கடினமான கணக்கும், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஆளும்.

“வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை” என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து பேர் படிக்கிற வகுப்பில் யாராவது ஒருவர் முதலாவதாக வரத்தான் வேண்டும், அதில் எனக்குச் செய்தி எதுவும் இல்லை. செய்தி மூன்றாவது படத்தில் இருந்தது. முக்கோணியின் கோணங்களை வைத்துக் கொடுத்த கணக்கைச் செய்து சரி வாங்கிய பிறகு, ஓரத்தில் பென்சிலால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை வரைந்து, அந்த ஐந்து முனைக் கோணங்களையும் கூட்டினால் என்ன வரும் என்று அவளாகவே பார்த்திருக்கிறாள். 180 பாகை என்று எழுதிவிட்டு, கீழே “ஏன்?” என்று போட்டிருக்கிறாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை, அதற்குப் புள்ளியும் கிடையாது. படிப்பித்த காலம் முழுக்க நான் கொப்பிகளின் ஓரங்களில் தேடியது அதைத்தான். அதிகம் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் பிள்ளையின் கெட்டித்தனத்தை அளக்க ஊர் அறிந்த ஒரே அளவு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். நூறு நூறாக இரண்டு வினாத்தாள், மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி. அதைத் தாண்டினால் தோட்டத்து லயம் முழுக்கப் பேச்சு, தாண்டாவிட்டால் பத்து வயதிலேயே “படிப்பு ஏறாதது” என்ற பட்டம். தங்கச்சி தாண்டினாள், தாண்டியும் விடுதி வசதி இல்லாததால் தோட்டத்துப் பாடசாலையிலேயே நின்றுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அதில் அவளுக்குக் குறைவு எதுவும் இல்லை. சரியாகச் சொன்னால், அந்தப் பரீட்சை எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்தக் கதவு நம் பிள்ளைகளுக்கு முழுதாகத் திறந்ததே இல்லை.

1940களில் கன்னங்கரா கல்வியமைச்சராக இருந்தபோது, ஏழைக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து விடுதியோடு படிக்க வைக்கத்தான் மத்திய கல்லூரிகளைத் தொடங்கினார். நம் கேகாலை மாவட்டத்திலேயே தொலங்கமுவையிலும் ருவன்வெல்லையிலும் அப்படிக் கல்லூரிகள் இருக்கின்றன. சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவற்றால் மேலே வந்தார்கள். அதில் நமக்குப் பொறாமை வேண்டாம். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு அப்போது கிடைத்தது வேறு. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத்துரைமாரிடம் கேட்டதெல்லாம் ஆறிலிருந்து பத்து வயது வரைக்கும் ஏதோ எழுத்தறிவு கொடுங்கள் என்பதுதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரசு பாடசாலைகளைக் கையேற்றது. இரண்டு தடவையும் தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. 1970களின் நடுப்பகுதியில், தோட்டங்களே அரசுடைமையான பிறகுதான், பாடசாலைகளை எடுக்கத் தொடங்கி 1977க்குப் பிறகு அது வேகம் பிடித்தது. உன் அப்பாயி படித்தது ஒரே வாத்தியாரிடம், ஒரே அறையில், அதுவும் ஐந்தாம் வகுப்போடு சரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெற்றோருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நீ இரண்டு இடத்தில் சலித்துக்கொண்டிருக்கிறாய். தெரிந்துகொள்ள அவர்களுக்கு யார் வாய்ப்புக் கொடுத்தார்கள்?

சரி, அளவுக்கு வருகிறேன். 1971இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் ஒரு வேலை தொடங்கினார். பல்கலைக்கழகம் போகிற பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான கணிதப் பரீட்சையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார். வகுப்புப் பரீட்சையில் எல்லாரும் உச்சப் புள்ளி எடுக்கிறவர்கள்; அங்கே ஒருவரையொருவர் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேல்வகுப்புத் தாளைக் கொடுத்ததும் ஒருவர் தடுமாறினார், ஒருவர் பறந்தார். மூன்றடிக் கோலால் அளந்தால் மூன்றடிக்கு மேற்பட்டவர் எல்லாரும் ஒரே உயரம்தானே. இதை நீ பணம் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ புத்தகக் கடையிலோ சாதாரண தரக் கணிதப் பழைய வினாத்தாள் ஒன்றை எடு. முதல் தாளுக்கு இரண்டு மணி நேரம், இரண்டாம் தாளுக்கு மூன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். படிக்காத பாடம் வரும், விட்டுவிடச் சொல். ஆனால் படிக்காததை அவள் எப்படி முட்டிப் பார்க்கிறாள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அடுத்தது, என்ன கொடுப்பது. டியூஷன் என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்: அதே பாடத்தை முன்கூட்டிப் படிப்பித்து அதே கணக்கை ஐம்பது தடவை செய்ய வைப்பது. சாதாரணப் பிள்ளைக்கு அது உதவும். முதல் தடவையே பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அது தண்டனை. வேகம் கூட்டுவதைவிட ஆழம் காட்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். அவளுடைய ஒன்பதாம் தரப் புத்தகத்தில் துவித எண்கள் வருகின்றன. 1, 2, 4, 8, 16 என்று எடைக்கற்கள் இருந்தால் 1 முதல் 31 கிலோ வரை எதையும் நிறுக்கலாம் என்பது அதிலிருந்து அவளுக்கே விளங்கும். இப்போது கேள்: இருதட்டுத் தராசில் எடைக்கல்லை இரண்டு தட்டிலும் போடலாம் என்றால், 1 முதல் 40 கிலோ வரை நிறுக்க ஆகக் குறைந்தது எத்தனை கற்கள் வேண்டும்? 1612இல் பிரான்சில் பாஷே என்பவர் ஒரு புதிர்ப் புத்தகத்தில் போட்ட கணக்கு இது. நான்கே கல் போதும்: 1, 3, 9, 27. ஐந்து கிலோவுக்கு ஒரு தட்டில் 9, சாமான் இருக்கும் தட்டில் 3உம் 1உம். விடையை நீ சொல்லாதே. ஒரு வாரம் அவள் தலையில் கிடக்கட்டும். விடை வந்த பிறகு, “40 எப்படி வந்தது, ஐந்தாவது கல் என்ன, அப்போது எதுவரை போகலாம்?” என்று கேள். மூன்றின் அடியில் எண் எழுதுவது என்ற பெரிய விஷயத்துக்கு அவளாகவே வந்து சேருவாள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது அம்மாவின் கணக்கிலிருந்து கழிக்கிற கிலோவைப் பற்றி அவளுக்கு ஏற்கனவே நன்றாகத் தெரியும், ஆகவே தராசு புதிய விஷயம் இல்லை.

பாடசாலைக்குள்ளேயும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதிபரைப் பார்த்து, கணித பாடவேளைக்கு மட்டும் அவளைப் பதினோராம் தரத்தில் உட்கார விட முடியுமா என்று கேள். சிறிய பாடசாலையின் வசதி இது. பெரிய கல்லூரியில் இப்படிக் கேட்டால் சட்டம் பேசுவார்கள். நம் பாடசாலையில் நேரசூசியைச் சற்று நகர்த்தினால் முடியும். மற்றப் பாடங்களுக்கெல்லாம் அவள் தன் கூட்டாளிகளோடு இருக்கட்டும். அடிலெய்டில் பிறந்து 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய டெரன்ஸ் டாவோ பத்து வயதில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் பதக்கம் எடுத்தவர். அவரைக்கூட அவருடைய பெற்றோர் மொத்தமாகத் தூக்கி மேல்வகுப்பில் போடவில்லை. பாடத்துக்கொரு வகுப்பாகப் படிக்க வைத்தார்கள். பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதே, இதற்குச் செலவு ஒரு கதிரைதான்.

கணித ஆசிரியர் இல்லை, இருக்கிற மிஸ்ஸும் வேறு பாடத்துக்கு வந்தவர் என்று எழுதியிருக்கிறாய். சப்ரகமுவையில் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய நோய் இது. நம் தெஹியோவிட்ட வலயக் கல்விப் பணிமனையில் கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகர் இருப்பார். அவர் சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருந்தாலும் போய்ப் பார். தங்கச்சி உன்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு பலம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, கிராமத்தோடு கலந்து வளர்ந்த மொழி. பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் நல்ல கணித ஆசிரியர் ஒருவர் இருந்தால் மாதம் ஒரு தடவை போய்ச் சந்தேகம் கேட்கலாம். கணக்குக்கு அவ்வளவு மொழி வேண்டாம். ஆனால் அதற்காக மொழிமூலத்தையே மாற்றிவிடாதே. நம் பக்கத்தில் முதலாம் தரத்திலிருந்தே பிள்ளையைச் சிங்களப் பாடசாலையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் தீர்மானம். தமிழில் யோசித்துப் பழகிய பிள்ளையை ஒன்பதாம் தரத்தில் பிடுங்கி நடுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. அந்த உழைப்பை ஆங்கிலத்துக்குக் கொடு. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். அங்கே போய் முதல் வருடத்தில் மொழியால் விழுந்த நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

போட்டிகள் இருக்கின்றன. இலங்கையில் ஆண்டுதோறும் கணித ஒலிம்பியாட்டுக்கான தெரிவுப் போட்டி நடக்கிறது; சர்வதேசப் போட்டிக்கு நம் நாடு 1995 முதல் பிள்ளைகளை அனுப்புகிறது. விண்ணப்பம் பாடசாலைக்கு வருகிற சுற்றறிக்கையோடு மேசையில் கிடக்கலாம், இணையத்திலும் கிடைக்கும். வருட ஆரம்பத்திலேயே கேட்டுவை. பரிசுக்காக அனுப்பாதே. தன்னைப் போலக் கிறுக்கு உள்ள இன்னொரு பிள்ளையை அவள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அதற்காக. தோட்டத்தில் கணக்குப் பிரியை ஒருத்தியாக வளர்வது எவ்வளவு தனிமை என்று உனக்குத் தெரியாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் அவளைப் பேச அனுப்பு. தன் யோசனையை எழுந்து நின்று சொல்லப் பழகுவது கணிதத்துக்கும் வேண்டும். தமிழ்ப் புத்தகங்களுக்கு, 2005இல் தொடங்கிய “நூலகம்” என்ற இணைய நூலகம் இருக்கிறது. ஈழத்தில் தமிழில் வந்த பழைய அறிவியல் இதழ்கள்கூட அதில் இலவசமாகக் கிடைக்கும். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கின்றன. உன் பழைய ஃபோனை அவளுக்குக் கொடுத்து, மாதம் டேட்டா போட்டுவிடு. டியூஷனுக்கு என்று நீ ஒதுக்கியிருக்கிற காசில் கால்வாசி ஆகாது.

அம்மா அப்பா விஷயம். “எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க” என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறாய். சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சொல். சாயந்தரம் அடுப்படியில் இருக்கும்போது “இன்னைக்கு என்ன கணக்கு, எப்படிச் செஞ்ச?” என்று கேட்டால் போதும். தெரியாத ஆளுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வரும். அம்மா தலையாட்டிவிடக் கூடாது. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்பா பால் வெட்டுகிறவர், விடியற்காலையில் மரத்துக்குப் போய் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். பின்னேரம் தண்ணீர் எடுப்பது, சின்னவனைப் பார்ப்பது இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டால் தங்கச்சிக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பெண்பிள்ளை என்றதும் அந்த நேரம் முதலில் பறிபோவது வீட்டு வேலைக்குத்தான். இதை நீ சொன்னால் அவர் கேட்பார், நான் சொன்னால் கோபிப்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அம்மா போவதில்லை என்பதும் எனக்கு ஆச்சரியமில்லை. வார நாளில் கூட்டம் வைத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கூட்டத்தை ஞாயிறிலோ போயா நாளிலோ வைக்கச் சொல்லி நாலு பேராகச் சேர்ந்து அதிபரிடம் கேளுங்கள். கேட்டால் வைப்பார்கள்.

பணத்தைப் பற்றி. புலமைப்பரிசில் உதவித்தொகை மாதம் 750 ரூபாவாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஆக, அப்போதைய கணக்கில் அந்தத் தொகை மாதத்துக்கு ஒரு நாள் பேருக்குச் சற்று மேலாக இருந்தது, அவ்வளவே. என்றாலும் வங்கிப் புத்தகத்தில் ஒழுங்காக விழுகிறதா என்று பார். விழவில்லை என்றால் அதிபர் மூலம் வலயத்துக்கு எழுது. சாதாரண தரம் முடிந்ததும் இரண்டு வழி இருக்கிறது. ஜனாதிபதி நிதியம் உயர்தரம் படிக்க வசதி குறைந்த மாணவருக்குக் கல்வி வலயவாரியாகப் புலமைப்பரிசில் கொடுத்து வந்திருக்கிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், பெயரே சொல்கிறபடி, நம் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவுகிறது. பல்கலைக்கழகம் போனால் மகாபொலப் புலமைப்பரிசில் இருக்கிறது. இந்தியாவில் பட்டப்படிப்புக்கு நேரு, ராஜீவ் காந்தி பெயர்களில் இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் உண்டு. இவை எல்லாம் பத்திரிகையில் ஒரு மூலையில் அறிவித்தலாக வந்து, இறுதித் திகதி முடிந்த பிறகு நம் காதுக்கு எட்டுகிறவை.

அதைவிடப் பெரிய தடை காகிதம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அவருடைய அடையாள அட்டையில் ஒரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோல் பதிவில் இன்னொரு மாதிரி இருக்கும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பதிந்தவர் தனக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். விண்ணப்பம் போடுகிற வாரத்தில் இதைத் திருத்த முடியாது, மாதக்கணக்கில் இழுக்கும். இப்போதே பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் லீவு எடுத்துப் போ. கொழும்புப் பாடசாலைக்கு அலைவதைவிட இது தங்கச்சிக்குப் பெரிய உதவி.

இனி உயர்தரம். இங்கேதான் நம் கெட்டிக்காரப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்த பிள்ளை, பக்கத்தில் தமிழில் கணிதப் பிரிவு இல்லாததால் கலைப்பிரிவில் உட்காருகிறது, அல்லது கார்மெண்டுக்குப் போகிறது. கலை படிப்பது தாழ்வு என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, வழியில்லாமல் போவது வேறு. நம் யட்டியாந்தோட்டையிலிருந்து ஒரே வீதி. கீழே போனால் அவிசாவளை வழியாகக் கொழும்பு, மேலே போனால் கித்துல்கல, கினிகத்தேனை தாண்டி ஹட்டன். எனக்கு மனம் ஹட்டன் பக்கம்தான் சாய்கிறது. ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் 1960களில் ஒரு தலைமுறையையே படிக்கவும் எழுதவும் தூண்டினார்கள். தோட்டத்துப் பிள்ளை என்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைதான். தங்குமிடம் பாதுகாப்பானதா என்று அம்மாவே போய்ப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அது நிபந்தனை.

ஆனால் மாற முன் ஒன்றைப் படி. பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் இரத்தினபுரி இருக்கிறது, நுவரெலியா இருக்கிறது, கேகாலை இல்லை. ஒரே மாகாணம், ஒரே மாதிரி லயம். பலாங்கொடையில் படித்த பிள்ளைக்கு உள்ள சலுகை தெஹியோவிட்டையில் படித்த பிள்ளைக்கு இல்லை. கேகாலை நகரத்து வசதியைப் பார்த்துப் போட்ட கணக்கில் மலைமேல் இருக்கிற தோட்டத்து டிவிஷன் தெரியவில்லை. இது அநியாயம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அபிப்பிராயத்தை வைத்து அனுமதி கிடைக்காது. ஒரு மாணவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர் படித்த பாடசாலையையும் காலத்தையும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். சலுகைக்காக வெளியிலிருந்து வந்து சேருகிறவர்கள் மீது மலையகத்தில் நீண்ட நாள் கோபம் உண்டு, விதிகளும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூல் தமிழிலும் வருகிறது. பதினோராம் தரத்தில் அல்ல, இப்போதே அதை எடுத்து அந்தப் பகுதியை வரி வரியாகப் படி. உயர்தரம் தொடங்கிய பிறகு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சைகள் இருக்கின்றன, அவற்றை அவள் விடக் கூடாது.

கடைசியாக உன்னைப் பற்றி. நீயும் கெட்டிக்காரன்தான். சாதாரண தரத்தோடு கடைக்குப் போனது உன் விருப்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உன் கடிதத்தில் “எப்படியாவது டொக்டராக்கிவிட வேண்டும்” என்ற வரியில் நின்றேன். டொக்டராக உயிரியல் படிக்க வேண்டும். அவள் கொப்பியின் ஓரத்தில் வரைவது தவளையை இல்லை, நட்சத்திரத்தை. என்னவாக வேண்டும் என்று அவளை நீ ஒரு தடவையாவது கேட்டாயா? குடும்பத்தின் கடனையும் உன் கைவிட்டுப்போன படிப்பையும் சேர்த்து அவள் தலையில் வைக்காதே. அவள் ஒரு பரீட்சையில் விழலாம், ஒரு வருடம் கணக்கையே வெறுக்கலாம், அதற்கும் இடம் விடு.

அடுத்த மாதம் நீ லீவில் வரும்போது மூன்று காரியம்: அந்த வினாத்தாள், பிறப்புச் சான்றிதழ், அதிபரிடம் பதினோராம் தர வகுப்பைப் பற்றிய பேச்சு. விடைத்தாளை நீ திருத்தாதே, வெட்டித் திருத்தி எழுதிய இடங்களோடு அப்படியே எனக்குப் படம் எடுத்து அனுப்பு. நட்சத்திரத்துக்கு ஏன் 180 பாகை வருகிறது என்று அவளே எழுதி அனுப்பட்டும், பதில் நான் அவளுக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கணக்கு சேர்